என் தம்பி வரைந்த சந்தை மேப்

அன்று பெரம்பலூர் சந்தையில் எங்கள் வரிசையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

முதலில் செட்டிகுளத்தா. சின்ன வெங்காயம். அடுத்து எறையூரா. கீரை. அடுத்து ஜெயங்கொண்டத்தா. தயிர்ப் பானை. அப்புறம் துறையூரா. கத்தரிக்காய். அவளை ஒட்டி லால்குடியா. வெற்றிலை. கடைசியில் நான். என்னை அரியலூரா என்பார்கள். காய்ந்த மிளகாய்.

எனக்குப் பின்னால் என் தம்பி. கையில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட வெள்ளைத்தாள். அவன் விற்க வரவில்லை.

சந்தைக் குத்தகைக்காரர் வந்தார். சரக்கைக் கொட்ட விரித்த ஒவ்வொரு சாக்கையும் தடியால் தொட்டு எண்ணி, அதன்படி சுங்கம் வாங்குவது அவர் பழக்கம். ஒண்ணு, ரெண்டு என்று வந்தவர் என்னிடம் ஆறு என்றார். தம்பியைப் பார்த்ததும் தடியை இறக்கினார்.

"சார் யாரு? கெவர்மெண்டா?"

"எந்தம்பிங்க. மெட்ராஸ்ல படிக்குது."

"என்ன படிப்பு?"

"பூகோளம்ங்க."

"பூகோளத்துக்குச் சந்தையில என்ன சோலி?"

செட்டிகுளத்தா குனிந்தபடியே சொன்னாள். "ஒலகம் உருண்டையா இருக்குதான்னு பாக்க வந்திருக்கு. இந்தா தம்பி, வெங்காயத்தைப் புடிச்சிப் பாரு."

குத்தகைக்காரர் சிரித்தார். சார் உட்கார ஒரு நல்ல சாக்கு எடுத்துப் போடச் சொன்னார். அந்த மாதிரி மரியாதை எங்கள் வரிசைக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அவன் எம்.ஏ. எங்கள் வீட்டில் நடுவில் யாரும் இல்லை. அப்பா பிறத்தியார் நிலத்தில் ஏர் பிடித்தவர். அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அரியலூர்ப் பக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

பூகோளத்தை அவன் தேடிப் போகவில்லை. காலேஜில் சேரப் போன அன்று மற்றதில் எல்லாம் இடம் தீர்ந்திருந்தது. இதில் இருந்தது. சேர்ந்தான். பிறகு பிடித்துப் போனது. லீவில் வந்தால் சொல்லுவான். அங்கே ஒரு மேசை உண்டாம். மேலே கண்ணாடி, அடியில் பல்பு. மேப்பை வைத்து அதன் மேல் மெல்லிசுத் தாளை வைத்தால் கோடு தெரியும். அப்படியே வரையலாம். அந்த மேசையில் உட்கார்ந்தால் பசி தெரியாது என்பான். வகுப்பில் எழுந்து நின்று இங்கிலீசில் பேசச் சொல்வார்களாம். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

எம்.ஏ. முடித்துவிட்டு வந்தான். வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். அது இருந்தாலும் பூகோளத்துக்கென்று தனி வாத்தியார் எங்கள் பக்கத்தில் வைப்பதில்லை. சரித்திரம் படித்தவரே இதையும் சேர்த்து நடத்திவிடுவார். திருச்சி எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைத்தான். கூடப் படித்த ஒருவன் பேங்க் பரீட்சை எழுதிப் போய்விட்டான். இன்னொருவன் மனைப் பிரிவு போடும் ஆபீசில் படம் வரைந்துகொண்டிருந்தான். இவனும் பரீட்சைகள் எழுதினான். ஒன்றும் வரவில்லை.

பிறகு அதற்கும் மேலே ஒரு படிப்பு. எம்.ஃபில். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஊரில் போய் விசாரித்து, ஒரு புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது இருந்தால் காலேஜில் வாத்தியார் ஆகலாம். அவன் எடுத்துக்கொண்டது சந்தை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ஊரில் சந்தை கூடும். விற்கிறவர்கள் எந்த ஊரிலிருந்து எந்தச் சந்தைக்கு வருகிறார்கள் என்று கேட்டு மேப் போட வேண்டும். நான் சந்தை சந்தையாகச் சுற்றுகிறவள். என் கூடவே வந்தான். என் வீட்டிலேயே தங்கினான். தை மாசம் பூராவும் கேட்டான்.

"எந்த ஊருங்க?"

"இவளா? இவ எறையூரா."

எழுதிக்கொள்வான். அடுத்த சாக்குக்குப் போவான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சார் தம்பி, சார் தம்பி என்று ஒரு கத்தரிக்காய், இரண்டு வெற்றிலை என்று கையில் திணிப்பார்கள்.

சித்திரையில் மேப்பை எடுத்து வந்து காட்டினான். என் வீட்டுத் தரையில் விரித்தான். நாலு மூலையிலும் படி, உழக்கு, சொம்பு, விளக்கு என்று பாரம் வைத்தான். நடுவில் பெரம்பலூர். அங்கிருந்து நாலு பக்கமும் கோடு. சிலந்தி வலை மாதிரி இருந்தது. ஒரு கோட்டில் விரலை வைத்தான்.

"இது நீதாங்க்கா."

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை ஓடியது அந்தக் கோடு. என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். நான் குனிந்து பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் கரும்பு வெட்டுகிறவர். "நல்லா நேரா போட்டிருக்கான்" என்றார்.

அப்போதுதான் வேலையைப் பற்றிச் சொன்னான். திருச்சிப் பக்கம் ஒரு காலேஜில் ஒருவர் நீண்ட லீவில் போகிறார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். அவனுடைய புரொஃபசர் சொல்லி வைத்திருக்கிறார். ஆனியில் காலேஜ் திறப்பதற்குள் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் இடம் அவனுக்கு. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்து மடித்து வைத்தாள். நடவுக்குக் கட்டிப் போகும் சேலை அது.

வைகாசி பிறந்ததும் ஒரு நாள் உச்சி வெயிலில் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தான். மேப்பைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எல்லாம் தப்புக்கா."

"எது?"

"மேப்பு."

பிறகு நடந்ததைச் சொன்னான். புரொஃபசர் மேப்பை மேசையில் விரித்தாராம். கூடப் படிக்கிறவர்கள் சுற்றி நின்றார்களாம். ஒரு கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துக் கேட்டாராம்.

"இது என்ன விக்கிறவங்க?"

"தயிர் சார்."

"எங்கேருந்து வர்றாங்க?"

"ஜெயங்கொண்டம் சார்."

"எத்தனை மைல்?"

"நாப்பது இருக்கும் சார்."

"தலையில பானையோட நாப்பது மைல். வந்து சேரும்போது அது தயிரா இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்களாம். இவனும் சிரித்தானாம். புரொஃபசர் சிரிக்கவில்லையாம்.

"உங்க கூட வந்தவங்க சொந்த அக்காவா?"

"ஆமா சார்."

"எங்க குடியிருக்காங்க?"

"பெரம்பலூர்லேருந்து ரெண்டு மைல் சார்."

"மேப்புல எங்க இருக்காங்க?"

பார்த்தானாம். அவன் கையால் போட்ட கோடு. அரியலூர்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றாலும் அதுதான், பேரன் எடுத்தாலும் அதுதான். நான் பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அப்போதும் அரியலூரா. அவன் எந்த ஊர் என்று கேட்டால், கேட்கப்பட்டவள் வாயைத் திறக்குமுன் பக்கத்துச் சாக்குக்காரி சொல்லிவிடுவாள். அவளே சொன்னாலும் அதைத்தான் சொல்வாள். ஆம்பளைகள் சொன்னது சரியாக இருந்தது. ஆனால் காய்கறி விற்கிறது பாதிக்கு மேல் பொம்பளைகள். அவன் பிறந்ததிலிருந்து இப்படிக் கேட்டே வளர்ந்தவன். அவனுக்குத் தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"மறுபடியும் கேக்கணும். எல்லாரையும்."

"எத்தினி நாள் இருக்கு?"

அவன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

மறுநாளே தொடங்கினோம். முதல் இரண்டு சந்தையும் வீணாகிப் போயின. இந்தத் தடவை அவன், "குடும்பம் எங்கேங்க? வீட்டுக்காரர் எந்த ஊருங்க?" என்று கேட்டான். அதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் தாளும் பேனாவுமாக வந்து ஆம்பளைகளைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. வீட்டுக்காரர் எங்கே என்றதும் ஒருத்தி கூடையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் தூக்கினாள். அரைச் சந்தை காலியாகிவிட்டது. தைமாசம் வெற்றிலை திணித்த கை. இப்போது முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

"எங்காளு செத்துப் போயி மூணு வருசம் ஆவுது" என்றாள் ஒருத்தி. அந்த ஆள் அவளுக்குப் பின்னால் மூட்டையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

ஒரு சந்தை போனால் அது திரும்பக் கூட ஒரு வாரம். வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் வழியில் ஒரு புளியமரத்தடியில் நின்றான். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, பேசாம நானும் கரும்பு வெட்டப் போயிருக்கலாம்" என்றான்.

"உனக்கு வெட்டத் தெரியாது" என்றேன். அதுதான் உண்மை. அருவாளைப் பிடிக்கக்கூட அவனை யாரும் விட்டதில்லை. படிக்கிற பிள்ளை என்று எல்லா வேலையிலிருந்தும் ஒதுக்கி வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் சந்தைக்காரிகள் பாதையில் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தலையில் காலிக் கூடையோடு போனார்கள். சும்மா இருந்தவன் எழுந்து வந்தான். வீட்டுக்காரர், குடும்பம் என்ற பேச்சே வேண்டாம், பொழுது சாய்ந்தால் எந்த ஊருக்கு நடப்பீர்கள் என்று மட்டும் கேட்கிறேன் என்றான். எனக்கு என்ன தெரியும். கேளு என்றேன்.

அடுத்தது பெரம்பலூர். எங்கள் வரிசையில் ஜெயங்கொண்டத்தாவிடம் முதலில் போனான்.

"பொழுது சாஞ்சா எந்த ஊருக்கு நடப்பீங்க?"

"ஏன், கூட வரப் போறியா?"

"இல்லீங்க. எழுதிக்கத்தான்."

"எழுதறவனுக்கெல்லாம் எங்க வூட்ல சோறு கெடையாது." பிறகு கையை நீட்டினாள். "அந்தா தெரியுதில்ல பனைமரம், அதுக்கு அந்தாண்ட. நாலு எட்டு வெச்சா வூடு."

எழுதிக்கொண்டான்.  எறையூரா சொன்னாள். துறையூரா சொன்னாள். எல்லாம் பக்கத்து ஊர்கள்தான். மலையடிவாரத்தில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று. செட்டிகுளத்தாவிடம் வந்தான். அவளுக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும். அவள் திருப்பிக் கேட்டாள்.

"நீ முன்னாடி என்னா எழுதியிருந்த?"

"செட்டிகுளம்னு."

"அதையே வெச்சிக்கயேன்."

"தப்பாப் போயிரும்ங்க."

"யாருக்குத் தப்பு? மேப்புலயாவது எங்கம்மா வூட்ல இருந்துட்டுப் போறேன் வுடு."

பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் வாழ்கிற ஊரைப் பக்கத்துச் சாக்கிலிருந்து எறையூரா சொன்னாள். அவன் அதை எழுதினான். செட்டிகுளத்தா தராசை எடுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீதிச் சந்தைகளுக்கும் அதே கேள்விதான். வீணாய்ப் போன இரண்டுக்கும் மறுவாரம் போனோம். இந்தத் தடவை யாரும் கூடையைத் தூக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் போய்விட்டது.

மேப்பை என் வீட்டிலேயே வரைந்தான். மெட்ராஸ் போய்க் கண்ணாடி மேசையில் வரைய நேரமில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். காற்றடித்தால் தாள் பறக்கும். கத்திரி வெயில் போன பிறகும் அனல் குறையவில்லை. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டான். அப்படியும் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை பரவிவிட்டது. அந்தத் தாளை அப்படியே சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தான். திட்டவில்லை, கத்தவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

முடித்த அன்று கூப்பிட்டுக் காட்டினான். பழைய மேப்பில் இருந்த நீளக் கோடுகள் எதுவும் இல்லை. சந்தையைச் சுற்றிச் சின்னச் சின்னதாக, முடி மாதிரி.

"நான் எங்கடா?"

காட்டினான். ஒரு அரிசி நீளம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க்கா."

புத்தகத்துக்கு எழுதியதை அரியலூரில் ஒரு டைப் அடிக்கும் இடத்தில் கொடுத்தான். அங்கே டைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மிசின் எல்லாவற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து மிசின் காலியான பிறகுதான் அவனுடையதை அடிப்பார்கள். தினமும் போய் நின்றான். மிசினையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகளும் வேலைக்குத்தானே தட்டினார்கள். காலேஜ் திறக்கிற திங்கட்கிழமை வந்தது. அவன் அன்றும் டைப் அடிக்கும் இடத்து வாசலில்தான் நின்றான். வியாழக்கிழமை கடைசித் தாள் கைக்கு வந்தது. அன்று ராத்திரி ரயில் ஏறினான். அம்மா ஸ்டேசனுக்கு வந்து, கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினாள். புத்தகம் வைத்திருந்த பையை அவள் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

நாலைந்து நாளில் திரும்பினான். நேரே என் வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம் போகவில்லை.

"என்னாச்சு?"

"புத்தகத்தை வாங்கிக்கிட்டாரு. இப்பதான் இது மேப்புன்னாரு."

"வேலை?"

"வேற ஒருத்தர் சேந்துட்டாராம். திங்கக்கெழமையே."

"நாலு நாளுக்காவா?"

"காலேஜ் தெறந்தா கிளாசுக்கு ஆள் வேணும்ல."

நியாயம்தான். 

"வேற காலேஜ்ல கேக்க முடியாதா?"

"பூகோளம் இருக்கற காலேஜே கொஞ்சம்க்கா. இருக்கற எடத்துல எல்லாம் ஆள் இருக்கு. யாராச்சும் ரிட்டையர் ஆவணும். இல்லாட்டிப் புதுசா ஆரம்பிக்கணும்."

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

"தெரியல."

அவன் பேச்சில் அழுகை இல்லை. சாப்பாடு போட்டேன். சாப்பிட்டான். கை கழுவிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். மறுநாள் காலையிலும் அங்கேயே போய் நின்றான். நான் போய் வாளிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தேன். அவன் பார்த்தான். நானும் பார்த்தேன்.  அதற்கப்புறம் தண்ணீர் வேண்டுமென்றால் நான் கயிற்றை எடுத்துப் போய் இறைத்துவிட்டு மறுபடி உள்ளே கொண்டு வந்து வைப்பேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. வேலை முடிந்து நேரத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

அவன் அரியலூருக்குப் போக மறுத்தான். அம்மா நடவுச் சேலையை மறுபடி எடுத்துக் கட்டிவிட்டாள் என்று யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க முடியாது என்றான்.

சந்தை நாள் வந்தது. வீட்டில் தனியாக விட மனம் இல்லை. "கூட வா" என்றேன். "என்னத்துக்கு? கேக்க ஒண்ணும் இல்லியே" என்றான். "மூட்டையைத் தூக்க" என்றேன். வந்தான்.

வரிசையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. செட்டிகுளத்தா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய மூட்டை ஒன்றைக் காலால் தள்ளி அவன் முன்னால் விட்டாள்.

"சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு இதைக் கொட்டி வித்துக் குடு தம்பி. எனக்குக் கை வலிக்குது."

அவளுக்குக் கை வலிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவன் மூட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சாக்கு விரிக்கும் சத்தம் கேட்டது. வெங்காயம் உருளும் சத்தம் கேட்டது.

"எப்படிக் கூவணும்?" என்றான்.

"கூவாத" என்றாள் ஜெயங்கொண்டத்தா. "எம்மே படிச்ச வெங்காயம்னு நாங்க சொல்லிக்கறோம்."

அவன் சிரித்த மாதிரி இருந்தது.

குத்தகைக்காரர் வந்தார். தடியால் சாக்கைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. என் சாக்கைத் தொட்டு ஆறு என்றார். தாண்டிப் போகக் காலைத் தூக்கியவர் நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். முன்னால் கொட்டிக் கிடந்த வெங்காயத்தைப் பார்த்தார். சார் என்று சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. தடியை நீட்டி அவன் சாக்கின் ஓரத்தைத் தொட்டார்.

ஏழு.